மூன்று மூச்சு

செவ்வாய் கிரகம், குகை நிலையம் இரண்டு
வாயு அளவை அறைப் பதிவு
எழுதுபவர்: பிலோமினா கொரைரா

நாள் 212. காலை 07:40

லேசர் கருவி சீராக ஓடுகிறது. ஒப்பீட்டு சிலிண்டர்கள் நான்கையும் வரிசையாக ஓட்டிப் பார்த்தேன். மூன்று தங்கள் எண்ணைச் சரியாகச் சொல்லின. நான்காவது நேற்றைவிட ஒரு பொட்டு விலகியிருக்கிறது. வால்வில் ஈரம் இருக்கலாம். மதியம் கழற்றிப் பார்க்க வேண்டும்.

அடுத்து வரும் குழுவில் இந்த வேலைக்குப் புதியவர் யாராவது இருந்தால் அவருக்காக ஒருமுறை விளக்கிவிடுகிறேன். நமக்குக் கீழே, சுரங்கப் பாதையின் கடைசியில், துளை அறை இருக்கிறது. அங்கே பழைய பனியைத் துளைத்தால் உள்ளே அடைபட்டுக் கிடந்த வாயு வெளியே வரும். நூல் நுழையும் அளவே துளையுள்ள நீளமான எஃகுக் குழாய் ஒன்று அந்த அறைக் காற்றை இங்கே இழுத்துக்கொண்டு வருகிறது. கரியமில வாயு எவ்வளவு, மீத்தேன் எவ்வளவு என்று லேசர் சொல்லும். கூடவே இன்னொன்றும் சொல்லும். கார்பனில் லேசானது, கனமானது என்று இரண்டு வகை உண்டு. இரண்டும் எந்த அளவில் கலந்திருக்கின்றன என்று பார்த்தால் அந்த வாயு எங்கே பிறந்தது என்று தெரிந்துவிடும். பூமியின் சுண்ணாம்புக்கல் ஒன்றைச் சுழியமாக வைத்து அளப்போம்; கனம் கூடினால் எண் ஏறும். செவ்வாயின் கரியமில வாயு கனம் கூடியது; பிளஸ் நாற்பதைத் தாண்டிக் காட்டும். மனித மூச்சு லேசானது. பூமியில் விளைந்த அரிசியும் கோதுமையும் தின்று விடுகிற மூச்சு மைனஸ் இருபத்தைந்தை ஒட்டி நிற்கும். இரண்டையும் குழப்பிக்கொள்ள வழியே இல்லை.

மற்ற மூவரும் காலையிலேயே கீழே இறங்கிவிட்டார்கள். லியோன், என் கணவர், துளைக் கருவிக்குப் பொறுப்பு. தவசிமுத்து பாறைகளைப் பார்ப்பவர். சங்கரவடிவு எங்கள் டாக்டரம்மா; வடிவு என்று கூப்பிடுவோம். அவருக்குக் கீழே ஒரு வேலையும் இல்லை. நான்கு சுவரையே பார்த்து அலுத்துப்போய்க் கூடவே கிளம்பிவிட்டார். லியோன் என் ஹெட்போனை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். வரட்டும்.

நாள் 212. காலை 11:25

தரை ஆடியது. முதலில் நிலைய மோட்டார்தான் என்று நினைத்தேன். சிலிண்டர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. பிறகு சுரங்கப் பாதைப் பக்கமிருந்து சத்தம், லாரியிலிருந்து ஜல்லி கொட்டுவதுபோல், நிற்காமல்.

பாதை மூடிவிட்டது. கதவைத் திறந்து சில அடிகூடப் போக முடியவில்லை. பாறையும் பனியும் கூரைவரை. பேச்சுக் கம்பி அறுந்திருக்கிறது. கூப்பிட்டேன். கையால் கல்லைப் புரட்டினேன். ஒன்றை எடுத்தால் இரண்டு சரிகிறது.

மின்கம்பியும் என் எஃகுக் குழாயும் தனி இரும்பு உறைக்குள் போகின்றன. அவை பிழைத்திருக்கின்றன. துளை அறை விளக்கு கரண்ட் இழுப்பதை மீட்டர் காட்டுகிறது.

விளக்குக்கு உயிர் இருப்பதால் மனிதர்களுக்கும் இருக்கிறது என்று ஆகாது. தெரியும்.

நாள் 213. காலை 09:10

பூமியிலிருந்து வந்த ஒலிச்செய்தியைப் பதிகிறேன். பேசுபவர் கிருபாகரன், கட்டுப்பாட்டு மையத்தின் தலைவர். ஒரு செய்தி போய்ப் பதில் வர அரைமணிக்கு மேல் ஆகும்.

"பிலோமினா மேடம், எங்க எல்லாருக்கும் மனசு கனத்துப்போய் இருக்கு. சரிவோட அளவைப் பார்த்தா மூணு பேருக்கும் வாய்ப்பே இல்ல. நீங்க தைரியமா இருக்கணும். அந்த அறைக்குப் போற மின்சாரத்தை நிறுத்திடுங்க. அடுத்த கப்பல் வர ஒரு வருஷத்துக்கு மேல ஆகும். நிலையத்தை நீங்க ஒருத்தராத்தான் காப்பாத்தணும்."

அறையில் கரியமில வாயு ஏறிக்கொண்டிருக்கிறது என்று சொன்னேன். பதில்:

"சரிவுல பனி உடைஞ்சிருக்கும் மேடம். பாறைக்குள்ள இருந்த வாயு கசியுது. நீங்க அங்க தேடப் போனதே அதைத்தானே."

நான் அனுப்பியது: "மைனஸ் இருபத்து நான்கு புள்ளி ஆறு. பாறை சோறு தின்னாது சார்."

நாள் 213. பகல் 12:30

துளை அறை விளக்கின் சுவிட்ச் இங்கே இருக்கிறது. அணைத்து அணைத்துப் போட்டு மோர்ஸ் குறியில் எழுதினேன். நால்வருக்கும் பயிற்சியில் சொல்லிக்கொடுத்ததுதான். எல்லோரும் சிரித்துக்கொண்டே படித்தோம். "குழாய் வாயில் ஊதுங்கள்" என்று எழுதினேன். திரும்பத் திரும்ப அதையே.

அங்கே விடுகிற மூச்சு குழாய் வழியே இங்கே வந்துசேரச் சில நிமிடம் ஆகும். திரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஒரு மேடு எழுந்தது. இறங்கியது. இன்னொன்று. இன்னொன்று.

மூன்று மூச்சு. மூன்றுக்கும் தனித்தனி எண். மைனஸ் 25.6. மைனஸ் 22.9. மைனஸ் 25.1. நடுவில் இருப்பது சங்கரவடிவு. அவர் தனக்கென்று சோளமாவு கொண்டுவந்து கஞ்சி குடிப்பவர். சோளம் கார்பனைக் கொஞ்சம் கனமாக்கும். அந்த எண்ணைப் பார்த்ததும் அவர் முகத்தையே பார்த்ததுபோல் இருந்தது.

கருவிமேல் தலையை வைத்து அழுதேன். அதன் மூடி சூடாக இருந்தது.

நாள் 213. மாலை 16:00

முறை வைத்துக்கொண்டோம். நான் விளக்கால் கேட்பேன். ஆமாம் என்றால் ஒரு மூச்சு. இல்லை என்றால் இரண்டு. தினமும் காலையில் மூவரும் ஆளுக்கொரு மூச்சு விட வேண்டும். லியோன், வடிவு, தவசிமுத்து என்ற வரிசையில்.

காற்று இருக்கிறதா? ஒன்று. அங்கே அவசர ஆக்சிஜனும் கரியமில வாயுவை உறிஞ்சும் பெட்டியும் இருக்கின்றன. தண்ணீர்? ஒன்று. பனி வேண்டிய மட்டும் உண்டு. யாருக்காவது காயமா? ஒன்று. லியோனுக்கா என்றுதான் முதலில் கேட்டேன். இரண்டு. அப்போது எனக்கு வந்த நிம்மதியை மறைக்க மாட்டேன். தவசிமுத்துவுக்குத்தான் காயம்.

சாப்பாடு? இரண்டு மூச்சு.

குழாய் வழியாகச் சர்க்கரைத் தண்ணீர் அனுப்பலாமா என்று யோசித்தேன். குழாய் போகும் பாறையில் கடுங்குளிர். ஒரு சொட்டு உறைந்தாலும் எங்களுக்குள் இருக்கும் ஒரே வழி அடைந்துவிடும். மேலே எனக்குப் பின்னால் நான்கு பேருக்கான சாப்பாடு அலமாரி அலமாரியாக இருக்கிறது. அதில் ஒரு பருக்கையைக்கூட அந்தப் பக்கம் கொண்டுபோக வழியில்லை.

உதிரித் துளைக் கருவி ஒன்று இருக்கிறது. கை நுழையும் அளவு துளை போடும். துளைப்பேன்.

நாள் 214. காலை 08:50

எல்லா அளவுகளும் இனி மையத்துக்குத் தானாகவே போகும்படி வைத்தேன். மூன்று மேடுகளின் படத்தையும் அனுப்பினேன். பதில் வர வழக்கத்தைவிடத் தாமதமானது.

"மேடம், நீங்க அனுப்பினதை எங்க ஆளுங்க பார்த்தாங்க. உங்க கணக்கு சரிதான். ஆனா ஒரு சிக்கல். நேத்தே குடும்பங்களுக்குச் சொல்லியாச்சு. செய்தியும் போயிடுச்சு. தூத்துக்குடியில உங்க மாமியார் லியோன் சாரோட ஆன்ம சாந்திக்குக் கோயில்ல பூசை வச்சிருக்காங்க. இப்போ உயிரோட இருக்காங்கன்னு சொல்லி, அப்புறம் நாளைக்கே இல்லைன்னு ஆச்சுன்னா? அந்தம்மாவை ரெண்டு தடவை சாகடிக்கிற மாதிரி ஆயிடும். உறுதியாகிற வரைக்கும் வெளியில சொல்ல வேண்டாம்னு முடிவு பண்ணியிருக்கோம். துளைக்கிறதையும் நிறுத்துங்க. சரிவு இன்னொரு தரம் அசைஞ்சா உங்க பக்கமும் போயிடும்."

உறுதியாகிற வரை. எது உறுதியாகிற வரை என்று கேட்டேன்.

துளைக்கிறேன்.

நாள் 221. மாலை 15:20

இது கருங்கல், நடுநடுவே பனி. கல்லில் போகும்போது கருவியின் பல் தேய்கிறது. பனியில் போகும்போது உருகிய நீர் மறுபடி உறைந்து தண்டைப் பிடித்துக்கொள்கிறது. ஒரு நாள் முழுக்க உழைத்தால் ஒரு முழம். சில நாள் அதுவும் இல்லை.

காலை மூச்சுகள் மூன்றும் வந்தன. எண்கள் கீழே இறங்கிவிட்டன. 28.4, 28.0, 28.6. எல்லாம் மைனஸ். சாப்பாடு இல்லாதபோது உடம்பு தன் கொழுப்பை எரிக்கிறது. கொழுப்பு லேசான கார்பன். பூமியிலிருந்து உடம்பில் சுமந்து வந்த பழைய கொழுப்பு. அதில் வடிவின் சோளக் கஞ்சிக்குக்கூட அடையாளம் இல்லை. மூவரும் நெருங்கி வருகிறார்கள். பசி எல்லோரையும் ஒரே ஆளாக்குகிறது.

இப்படி ஒரு அளவை யாரும் எடுத்ததில்லை. மூன்று பேர் பட்டினி கிடப்பதை தசமப் புள்ளிவரை எடுத்துக்கொண்டிருக்கிறேன். கருவி அற்புதமாக வேலை செய்கிறது. நான்காவது சிலிண்டர்கூடச் சரியாகிவிட்டது.

நாள் 229. காலை 10:15

இன்று லியோனிடம் பேச வேண்டும்போல் இருந்தது. ஆமாம், இல்லை மட்டும் சொல்லக்கூடியவரிடம் என்ன பேசுவது? மணப்பாடு கடற்கரையில் நாம் நனைந்த நாள் நினைவிருக்கிறதா என்று எழுதினேன். விளக்கை அணைத்துப் போட்டு எழுத வெகுநேரம் ஆனது. காத்திருந்தேன்.

ஒரு மூச்சு. நீளமானது. மற்ற எல்லா மேட்டையும்விட நீளம். பெருமூச்சாக இருக்கலாம். சிரிப்பாகவும் இருக்கலாம். கருவிக்கு இரண்டும் ஒன்றுதான்.

நாள் 236. காலை 08:05

இதை நிதானமாக எழுத வேண்டும்.

உறிஞ்சும் பெட்டி விட்டுவிட்டு ஓடுவது. அது நிற்கும் நேரத்தில் கரியமில வாயு எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று பார்த்தால் எத்தனை பேர் மூச்சு விடுகிறார்கள் என்று தெரியும். நேற்றுவரை மூன்று பேர் வேகம், பட்டினியால் தளர்ந்த மூன்று பேர். இன்று இரண்டு பேர் வேகம்.

காலை மூச்சு மட்டும் மூன்று வந்தது.

மூன்றாவதன் எண்ணும் முதலாவதன் எண்ணும் ஒன்று. தவசிமுத்துவின் இடத்தில் வேறு யாரோ ஊதியிருக்கிறார்கள்.

"தவசிமுத்து நலமா?" என்று கேட்டேன். ஒரு மூச்சு. ஆமாம்.

எனக்காகத்தான் பொய் சொல்கிறார்கள். நான் உடைந்துபோவேன், துளைப்பதை விட்டுவிடுவேன் என்று பயப்படுகிறார்கள். அப்படியே இருக்கட்டும். நம்புவதுபோல் இருந்துகொள்கிறேன். தவசிமுத்து நல்ல மனிதர். ஒவ்வொரு கல்லையும் கையில் எடுத்து முகர்ந்து பார்ப்பார். கல்லுக்கு என்ன வாசனை என்று வடிவு கிண்டல் செய்வார்.

மையத்துக்கு இதை நான் எழுதவில்லை. ஆனால் அளவுகள் தானாகவே பூமிக்குப் போய்விடும்.

நாள் 240. காலை 08:20

எண் ஏறிவிட்டது!

நேற்று மைனஸ் 28.7. இன்று மைனஸ் 25.9. கொழுப்பு எரிந்தால் இந்த எண் வராது. இது சாப்பிட்டவர்கள் மூச்சு. எதையோ கண்டுபிடித்துவிட்டார்கள். ஏதாவது பெட்டி, துளைக் கருவிக்குப் பின்னால் யாரோ மறந்து வைத்த பெட்டி. கல்லுக்கு அடியில் மாட்டிக்கிடந்து இப்போது கைக்கு எட்டியிருக்கும்.

"சாப்பாடு கிடைத்ததா?" என்று எழுதினேன். அவசரத்தில் எழுத்து தப்பியது, திரும்ப எழுதினேன்.

வெகுநேரம் கழித்து ஒரு மூச்சு.

மையத்துக்கு நானே பேசி அனுப்பினேன். சத்தம் போட்டுப் பேசியிருப்பேன் என்று நினைக்கிறேன். பதிலைக் கேட்டுவிட்டுப் பதிகிறேன்.

நாள் 240. காலை 11:45

"மேடம், அந்த அறையில சாப்பாட்டுப் பெட்டி எதுவும் வைக்கல. எடை குறைக்கணும்னு முதல்லயே எடுத்துட்டாங்க. சரக்கு விவரத்தை ரெண்டு தடவை பார்த்துட்டோம். அங்க திங்கிற மாதிரி எதுவும் கிடையாது."

பின்னால் யாரோ இருமுவது கேட்கிறது.

"மேடம், உங்க கருவி சரியா இருக்கான்னு ஒரு தடவை பார்த்துக்கோங்க."

நாள் 240. பகல் 14:30

பார்த்தேன். சிலிண்டர்கள் நான்கும் சரி. வால்வுகள் சரி. லேசர் சரி.

கருவியில் பிழை இருக்க வேண்டும் என்று என் வாழ்நாளில் இன்றுதான் வேண்டிக்கொண்டேன்.

நாள் 243. காலை 09:00

இன்று மைனஸ் 23.8. எங்கள் சாப்பாட்டைவிட ஒரு படி கனம். சாப்பாட்டைத் தின்று உடம்பு தசையாக்கும்போது கார்பன் அந்த ஒரு படி ஏறும். இது சாப்பாட்டின் எண் இல்லை. தசையின் எண்.

ஒரு நப்பாசை இருந்தது. பட்டினி முற்றினால் கொழுப்பு தீர்ந்து உடம்பு தன் சொந்தத் தசையையே கரைக்கும். அப்போதும் எண் இப்படி ஏறும். அதுவாகத்தான் இருக்கும் என்று இரண்டு நாள் சொல்லிக்கொண்டேன். ஆனால் அந்த நிலையில் உடம்பு அணைந்துகொண்டிருக்கும். மூச்சு மெலியும். அங்கே மூச்சு கூடியிருக்கிறது. தெம்பு வந்தவர்களின் மூச்சு.

தவசிமுத்து.

அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. எழுதி வைக்கிறேன், யார் படித்தாலும் தெரியட்டும். எனக்குக் கோபம் இல்லை. இறந்தவருக்கு வலிக்காது. நான் அங்கே இருந்திருந்தால் நானும். அவ்வளவுதான். இந்தப் பக்கம் நான் வயிறார இருந்துகொண்டு எதைச் சொல்ல?

துளை பாதியைத் தாண்டிவிட்டது. வலது தோள் இறங்கிக் கிடக்கிறது. இடது கையால் அழுத்துகிறேன்.

நாள் 251. பகல் 13:10

துளைத்துக்கொண்டிருந்தபோது கருவி அறையில் எச்சரிக்கை மணி அடித்தது. ஓடி வந்து பார்த்தேன்.

கரியமில வாயு செங்குத்தாக ஏறுகிறது. இரண்டு பேர் வேகம் இல்லை. மலை ஏறுகிறவர்கள், ஓடுகிறவர்கள் விடுகிற மூச்சு. உட்கார்ந்திருப்பவர் விடுவதைவிடப் பல மடங்கு.

விளக்கை அணைத்துப் போட்டேன். என்ன என்ன என்ன என்று எழுதினேன். யாரும் குழாய்ப் பக்கம் வரவில்லை.

ஏறுகிறது.

ஏறுகிறது.

பகல் 13:31

நின்றுவிட்டது. உறிஞ்சும் பெட்டி மெல்ல இறக்குகிறது.

மாலை 16:40

பெட்டி நின்ற நேரத்தில் வேகத்தைக் கணக்கிட்டேன். பிறகு வேறு முறையில் கணக்கிட்டேன். பிறகு தாளில் பேனாவால் போட்டேன்.

ஒருவர்.

நாள் 252. காலை 08:00

காலை மூச்சு வந்தது. மூன்று.

மைனஸ் 23.9. மைனஸ் 23.9. மைனஸ் 23.9.

லியோன் இருக்கிறாரா? ஒன்று. வடிவு இருக்கிறாரா? ஒன்று. தவசிமுத்து? ஒன்று.

யார் நீ என்று எழுதத் தொடங்கி விளக்கைப் பாதியில் நிறுத்திவிட்டேன். அந்தக் கேள்விக்கு ஆமாம் இல்லை என்று பதில் சொல்ல முடியாது. எனக்குத் தெரிந்துவிட்டது என்று காட்டிக்கொள்ளவும் பயமாக இருக்கிறது. யாரிடம் பயம்? சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பது என் கணவர், இல்லையென்றால் என் காய்ச்சலுக்கு ராத்திரி பகலாகப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்.

நாள் 255. மாலை 15:00

லியோனாக இருக்க வேண்டும்.

லியோனாக இருக்கக் கூடாது.

துளைக்கும்போது ஒரு சுற்றுக்கு முதல் வேண்டுதல், ஒரு சுற்றுக்கு இரண்டாவது. வடிவாக இருந்தால் லியோன் கொலைக் கறை இல்லாதவராகச் செத்திருக்கிறார், நான் அவரை நினைத்து அழலாம். ஆனால் வடிவின் எடை என்ன, லியோனின் எடை என்ன? லியோன் கடலில் வள்ளம் இழுத்து வளர்ந்தவர். வடிவு என் தோளுக்கு வருவார். இருபது நிமிடம் இரண்டு பேர் மூச்சிரைத்தார்கள். கணக்கு போடாதே என்று எனக்கு நானே சொல்கிறேன். வேறு என்ன எனக்குத் தெரியும்? கணக்கு போடத்தான் என்னை இங்கே அனுப்பினார்கள்.

சண்டையாக இல்லாமலும் இருக்கலாம். ஒருவருக்கு நெஞ்சு நின்று, மற்றவர் அழுத்தி அழுத்திக் காப்பாற்றப் பார்த்திருக்கலாம். அதற்கும் மூச்சிரைக்கும். வடிவு டாக்டர். அப்படியும் இருக்கலாம். கருவி அதைச் சொல்லாது.

வடிவின் சோளம் அவர் தசைவரை சேர நாள் போதவில்லை; யார் யாரை என்று எண் சொல்லாது. அதன்பின் எண் இறங்கவே இல்லை. 23.9. 23.8. 23.9.

நாள் 266. காலை 09:30

கிருபாகரன். குரல் தாழ்ந்திருக்கிறது.

"மேடம், அளவுகள் எங்களுக்கும் வந்துக்கிட்டுத்தான் இருக்கு. இங்க ஒருத்தர் உங்க துறைதான். அவர் அதைப் படிச்சுச் சொல்லிட்டு வேலையை விட்டுட்டுப் போயிட்டார். அதனால சுத்தி வளைக்காமப் பேசறேன். இது வெளிய வந்தா மூணு குடும்பமும் அழிஞ்சிடும். சங்கரவடிவு டாக்டருக்கு ஊர்ல ரெண்டு பொண்ணுங்க இருக்காங்க. தவசிமுத்து சாரோட அப்பா இன்னும் இருக்கார். அவங்க என்னன்னு கேட்டுக்கிட்டு உயிர் வாழறது? மூணு பேரும் விபத்து நடந்த அன்னிக்கே போயிட்டாங்க. அதுதான் எல்லாருக்கும் நல்லது. உங்களுக்கும். துளையை அடைச்சிடுங்க. மின்சாரத்தை நிறுத்திடுங்க. ரொம்ப நேரம் ஆகாது, குளிர்ல தூங்கிப் போற மாதிரிதான். நீங்க பண்ணலைன்னா இங்கிருந்தே நிறுத்த வேண்டி வரும்."

சுவிட்சுப் பெட்டிக்குள் பூமியின் கட்டளை வரும் கம்பியை வெட்டினேன். அறை விளக்கு எரிகிறது. மீட்டர் காட்டுகிறது.

பதில் எதுவும் அனுப்பவில்லை. அவர் குரலில் கெட்டவன் சாயல் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. என்னிடம் பரிவாகப் பேசினார். நானும் ஒரு நிமிடம் கேட்டுக்கொண்டு நின்றேன். ஒரு நிமிடம் கை சுவிட்சின்மேல் இருந்தது.

நாள் 268. காலை 10:50

துளையின் அந்தப் பக்கமிருந்து தட்டும் சத்தம். கல்லால் கல்லைத் தட்டுவது. என் கருவி வரும் இடத்தைப் பார்த்து வழிகாட்டுகிறார்கள்.

வழிகாட்டுகிறார்கள் என்று பன்மையில் எழுதிவிட்டேன். அடித்துத் திருத்தவில்லை. இருக்கட்டும்.

தட்டுவதில் பலம் இருக்கிறது.

நாள் 268. பகல் 13:20

எதிர்ப்பு இல்லாமல் தண்டு முன்னால் பாய்ந்தது. திறந்துவிட்டது.

தண்டை வெளியே இழுத்தேன். பின்னாலேயே அந்தப் பக்கத்துக் காற்று வந்தது. எத்தனை மாதமாகக் குழாய் வழியே இழுத்து எண்ணாக்கிய காற்று. இன்று மூக்கால் முகர்ந்தேன். வாடையைப் பற்றி எழுத மாட்டேன்.

துளை நீளம். டார்ச் அடித்தால் கடைசியில் மங்கலாக ஒரு வட்டம் தெரிகிறது. அதற்குள் ஏதோ அசைகிறது. முகமா கையா தெரியவில்லை.

நீளக் கம்பியின் நுனியில் பேச்சுக் கருவியைக் கட்டி உள்ளே தள்ளிக்கொண்டிருக்கிறேன். தோள் ஒத்துழைக்கவில்லை. அங்கே சேர்ந்துவிட்டது. யாரோ பிடித்துக்கொண்டார்கள். கம்பி என் கையில் அதிர்கிறது.

பகல் 13:34

இரைச்சல். மூச்சு. துணி உரசும் சத்தம். யார் என்று கேட்க வாய் வரவில்லை.

பிறகு குரல். கரகரத்து, நாள்பட்டுத் துருப்பிடித்த குரல். ஆனாலும் தெரிந்துவிட்டது. முதல் எழுத்திலேயே தெரிந்துவிட்டது. லியோன்.

"பிலோ... சாப்பிட்டியா?"

அவ்வளவு அன்பாக. வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றுகிற நேரத்துக் குரலில்.

"ம். சாப்பிட்டேன்," என்றேன். "நீங்க?"

கேட்டுவிட்டேன். ஐயோ, யோசித்துக் கேட்கவில்லை. வாய் தானாகக் கேட்டுவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து கேட்கிற வாய். இழுத்துப் பிடிப்பதற்குள் கம்பி வழியே போய்விட்டது.

பகல் 13:51

அந்தப் பக்கம் பேச்சுக் கருவி திறந்துதான் இருக்கிறது. அவர் மூச்சு மட்டும் கேட்கிறது, ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே ஆள்.

நான் இன்னும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.